இரைச்சலுக்கு அடியில்

தொழிற்சாலையின் மேல்தளம் இடிந்து அந்தத் தாயின் ஒரே மகன் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சாவதற்கு முன் அவன் மீட்புப் படையைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிய பதிவின் பிரதியை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. பேச்சு நின்றதும் அதில் வெறும் இரைச்சல்தான். பேச்சு நின்ற உடனே உயிர் போய்விட்டதாக நிர்வாகம் சொன்னது.

வழக்குக்காக ஒலிப் பரிசோதகர் மீட்புப் படையிடமிருந்து மூலப்பதிவை வாங்கி, இரண்டையும் அவளுக்குப் போட்டுக்காட்டினார்.

"பிரதியோட ஃபைல் அளவைச் சுருக்கி அனுப்பியிருக்காங்கம்மா. அதுல மெல்லிசான சத்தம் போயிடும். ஆனா எனக்கே வித்தியாசம் தெரியல."

மூலத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"மூச்சு வாங்குறான் சார். சின்னதிலேருந்தே அவனுக்கு இழுப்பு. பெத்தவளுக்குத் தெரியாதா?"

அவர் ஒலியைக் கூட்டிக் கேட்டார். இரைச்சலுக்கு அடியில் மூச்சு இருந்தது. நான்கு நிமிடம் இருந்தது.

"எழுதிக் குடுங்க," என்றாள். "உடனே போயிட்டான்னு நம்பித்தான் அவங்கப்பா ரெண்டு வாய் சாப்பிடுறாரு. கோர்ட்டுல இதைப் படிக்கிற அன்னிக்கு அவர் வராம நான் பாத்துக்கிறேன்."