பதினோரு மில்லிமீட்டர்

தெருவுக்கு மேலே இருந்த நட்சத்திரங்களில் நானூற்றுப் பன்னிரண்டை லேத் பட்டறைக்காரர் தன் பைனாகுலருக்குள் இழுத்துவிட்டார். பதினோரு வருஷ வேலை. மொட்டை மாடியில் நாற்காலி போட்டு, மூச்சை அடக்கி, ஒன்றையே முக்கால் மணி நேரம் பார்த்தால் அது பால்பல் மாதிரி மெல்ல ஆடும். பிறகு கழன்று கண்ணாடிக்குள் வந்துவிடும். உலுக்கினால் மணல் சத்தம் கேட்கும். உறையில் போட்டாலும் தையல் ஓரங்களில் வெளிச்சம் கசிந்ததால் அந்த வீட்டில் மெழுகுவத்தி வாங்கியதில்லை. தெருக்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வானம் பொதுச்சொத்துதான், ஆனால் எந்த அலுவலகத்தில் புகார் கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரர் மட்டும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் கேட்பார்: "என்ன லேத்து, எங்க தலைக்கு மேல ஏதாச்சும் மிச்சம் வைப்பியா?"

மனைவி கேட்டது ஒன்றுதான். "ஏங்க, நானும் ஒரு தடவை பாக்கறேனே."

கொடுத்தார். ஆனால் திருகக் கூடாது. பட்டறையில் ஒருவன் செட் செய்து வைத்த மெஷினை இன்னொருவன் தொட்டால் சண்டை. அவருக்கு முப்பது வருஷமாக அதுதான் பழக்கம். இரண்டு குழாய்க்கும் நடுவே அவர் கண்ணுக்கு வைத்த அகலம், வலது கண்ணுக்கு வைத்த திருகல், இரண்டும் அசையக் கூடாது. அவளுக்குக் கண்கள் நெருக்கம், பார்வையும் வேறு. "எல்லாம் ரெண்டு ரெண்டா, பஞ்சு மாதிரி தெரியுதுங்க," என்றாள். "உனக்குப் பாக்கத் தெரியல," என்று வாங்கிக்கொண்டார். வருஷத்துக்கு ஒரு முறை கேட்டாள். ஏழாம் வருஷத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

சமையலறை ஜன்னலில், எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டிக்கு மேலே, சிவப்பாக ஒரு நட்சத்திரம் இருந்தது. பாத்திரம் கழுவும்போது தன் மூக்குக்கண்ணாடி வழியாகவே அதைப் பார்ப்பாள். அவருக்கு அது தெரியாது. அந்த ஜன்னலருகே அவர் நின்றதே இல்லை. அவர் இழுத்த நானூற்றுப் பன்னிரண்டாவது அதுதான். அன்று அவள் குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு மாடிக்கு வந்தாள்.

"அது என்னோடது."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா மட்டும்?"

காலையில் ஒரு பையோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுடைய பழைய மூக்குக்கண்ணாடி சமையலறை ஜன்னலிலேயே கிடந்தது. ஒரு மாதம் அது அங்கே கிடப்பதைப் பார்த்தவர், அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் வெர்னியர் அளவுகோலில் அளந்தார். ஒரு வில்லையின் நடுவிலிருந்து மறு வில்லையின் நடுவுக்கு ஐம்பத்தெட்டு. அவருடையது அறுபத்தொன்பது. வித்தியாசம் பதினோரு மில்லிமீட்டர். கட்டைவிரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான் வேலை.

அழுத்தினார். திருகலையும் அவள் கண்ணாடியின் பவருக்குத் தோராயமாக மாற்றினார். அந்த அளவிலேயே வைத்துக் காலி வானத்தைப் பார்க்க, நட்சத்திரங்கள் உள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியேறின. மூன்று வாரம் ஆனது. சிவப்பு கடைசியாகப் போனது. ஆனால் அவள் அளவில் அவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்தனவோ அப்படியே போய் ஒட்டிக்கொண்டன: இரண்டிரண்டாக, பஞ்சு மாதிரி.

தங்கை வீட்டுக்குப் போன் போட்டார். மச்சினிதான் எடுத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னார். "திருப்பி வச்சிட்டீங்களா மாமா, நல்லது. அக்கா மாடியிலதான் இருக்கா. இங்க ஒண்ணொண்ணாத்தான் இருக்காம், தெளிவா இருக்காம். வரலைங்கறா."

பைனாகுலர் ஆணியில் தொங்குகிறது. அளவை அவர் தன் கண்ணுக்கு மாற்றவில்லை. இரவில் தன் ஒரு தட்டைக் கழுவ அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். தொட்டிக்கு மேலே சிவப்பும் இரண்டு.

அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிவார்கள். கடைத்தெருக் கண் மருத்துவர் எந்தத் தெரு என்று மட்டும் கேட்பார். கேட்டுவிட்டு, கண்ணாடி எழுதித் தராமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.