பச்சையம்மா நட்ட மறைவு

பச்சையம்மா இறந்த காலையில் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: புருஷன் சிங்காரம், மகள் தேவகி, சிங்காரத்தின் அண்ணன் துளசிங்கம், அவர் மனைவி நாகம்மாள், பிணத்தைக் குளிப்பாட்ட வந்திருந்த, பச்சையம்மாவின் மாமன் மகள் லோகாம்பாள். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பிற்பாடு பலர் சொல்லிக்கொண்டார்கள்.

துளசிங்கம் படகுப் பாயைத் தோளில் சுமந்துகொண்டு கொல்லைக்கு வந்தார். மூங்கில் கழிகளை முன்பே கொண்டுவந்து போட்டிருந்தார்.

"இன்னா மாமா, செத்தவளைக் கடலுக்கு அனுப்பப் போறீங்களா?" என்றாள் லோகாம்பாள்.

"மேல கட்டணும். கோட்டைக் கொத்தளத்துலேந்து தெரியும்."

"வானம் பாத்துதான் கடைசித் தண்ணி ஊத்தணும். உங்க வீட்டு மொறை. ஊருக்கெல்லாம் எத்தினி தபா சொல்லியிருக்கீங்க."

துளசிங்கம் பாயை இறக்கி விரித்தார். அந்த முறை அவருடைய பாட்டன் காலத்தது. ஒல்லாந்துக்காரர் கோட்டை அதற்குப் பிறகு வந்தது. அவருடைய தாய் இறந்தபோது பெண்கள் சுற்றிலும் சேலை பிடித்து நின்றார்கள். சேலை பக்கத்துக் கண்களை மறைக்கும். மேலிருந்து பார்க்கும் கண்ணை மறைக்காது. கொத்தளத்தில் நின்ற காவல்காரன் பார்த்தானோ இல்லையோ, அவனுடைய தொப்பி கடைசிவரை அங்கேயே இருந்தது. துளசிங்கம் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

அதன் பிறகு கொல்லை எல்லையில் மண்சுவர் எழுப்பினார். மழை அதைக் கரைத்தது. ஓலைத் தட்டி கட்டினார். வாடைக்காற்று அதைக் கொண்டுபோய் ஏரியில் போட்டது. அப்போதுதான் பச்சையம்மா பூவரசங் கம்புகளை நட ஆரம்பித்தாள், அதுவும் எல்லையில் அல்ல, கொல்லைக்கு நடுவில். தம்பி மனைவியிடம் மூத்தவர் நேராகப் பேசும் வழக்கம் இல்லை. "நடுக் கொல்லையில கம்பு நட்டா கோட்டை மறையுமான்னு கேளு," என்று சிங்காரத்திடம் சொன்னார். கதவுக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள். அடுத்த கம்பை எடுத்துக்கொண்டு போனாள். கம்புகள் மரமாயின. பெண்கள் குளிக்கும் இடமாகிவிட்டதால் அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

"பெரிநைனா, உள்ள வந்து பாருங்க," என்றாள் தேவகி.

"பொம்பளைங்க எடம்."

"வந்து பாத்துட்டு அப்புறம் பாய் கட்டுங்க."

முன்னால் தாழை முள்ளும் மடலுமாக நின்றது. அதில் கதவு இல்லை. வழி ஒரு பக்கம் வளைந்து, நொச்சியை ஒட்டி மறுபக்கம் வளைந்தது. இரண்டாவது வளைவில் காற்று நின்றுவிட்டது. பூவரசுகள் சூழ்ந்த வெண்மணல். ஓரத்தில் குளிக்கும் கல். தலைக்கு மேல், ஒரு படகின் அளவுக்கு வானம்.

துளசிங்கம் கல்லில் உட்கார்ந்து கோட்டை இருக்கும் திசையைப் பார்த்தார். இலைதான் இருந்தது.

"அம்மா என்னை இந்தக் கல்லுல குந்த வெச்சிட்டு, ஒரு கழிய நிமுத்திப் புடிச்சிக்கினு முன்னாலயும் பின்னாலயும் நடக்கும். கொத்தளம் மறைஞ்சிதாடி, மறைஞ்சிதாடின்னு கேக்கும். மறைஞ்ச எடத்துல ஒரு கம்பு. செவுரு எட்ட இருந்தா எவ்ளோ ஒசந்தாலும் பத்தாது, கிட்ட இருந்தா சின்ன மரமே போதும்னு சொல்லும்."

"இது குந்தினவளுக்கு. படுத்திருக்கறவளுக்கு?" என்றார்.

தேவகி மணலைப் பார்த்தாள். அங்கே யாரும் படுத்துப் பார்த்ததில்லை.

துளசிங்கம் தலைப்பாகையை அவிழ்த்துக் கல்லின் மேல் வைத்தார். பிறகு, பிணத்தைக் கிடத்த லோகாம்பாள் தண்ணீர் தெளித்து வைத்திருந்த இடத்தில், தெற்கே தலை வைத்து மல்லாந்து படுத்தார்.

"ஐயோ மாமா! செத்தவ படுக்கற எடம்!"

அவர் அசையவில்லை. நாலு பக்கமும் இலை. நடுவில் வானம். நாரைகள் அதைக் கடந்து போயின. காவல் மாறும் மணி கொத்தளத்தில் அடித்தது. தலைமாட்டில் அடிப்பது போல அத்தனை கிட்டத்தில். மணி இருந்தது. கொத்தளம் இல்லை. அவர் தலையை அப்படியும் இப்படியும் திருப்பித் தேடினார். எங்குமே இல்லை.

வெளியிலிருந்து சிங்காரத்தின் குரல் கேட்டது. "அண்ணே, தெரியுதா?"

அவர் படுத்தபடியே குரல் கொடுத்தார்.

"தெரியல. பாயைச் சுருட்டு."

அவர் வெளியே வந்தபோது முதுகெல்லாம் ஈர மணல். தட்டிவிட வந்த நாகம்மாளின் கையை விலக்கிவிட்டு, வழியின் முதல் வளைவில் உள்ளே பார்க்காமல் நின்றுகொண்டார். பெண்கள் பச்சையம்மாவைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடந்து போனார்கள். சுற்றிப் பிடிக்கச் சேலைகளை யாரும் எடுத்துப்போகவில்லை. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

தம்பி மனைவி செத்த துக்கத்தில் துளசிங்கம் மயங்கி விழுந்துவிட்டார் என்று கோட்டைக்குப்பத்தில் சொல்கிறார்கள். அவர் விழவில்லை. படுத்தார்.