மேடம் கதிரை

"டீச்சர், இந்தப் புத்தகத்துல நாங்க எப்பத்தான் மேடம் ஆவோம்?"

சுப்பம்மா இப்படிக் கேட்டதும் ஹபீலா கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். கம்பளையில், புடைவைக் கடையொன்றின் மேல்மாடியில், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகவிருக்கும் தோட்டத்துப் பெண்கள் பதினொரு பேருக்கு அவள் இங்கிலீஷ் படிப்பித்தாள். மூன்று வாரமாக "யெஸ் மேடம், சாரி மேடம்" மட்டும்தான் வந்தது. அதுவும் கொட்டாவியோடு.

வெள்ளிக்கிழமை கண்டித் தலைமைக் கந்தோரிலிருந்து தியாகராஜா சேர் வகுப்பைச் சோதிக்க வருவார். பெண்கள் புத்தகம் பார்க்காமல் இங்கிலீஷில் பத்து வசனம் பேசிக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் வகுப்புக்கும் ஹபீலாவின் முதல் வேலைக்கும் ஒரே பூட்டு.

ஹபீலா புத்தகத்தை மூடினாள். "சரி, நீங்கதான் மேடம். நான் வேலைக்காரி" என்று தன் கதிரையைச் சுப்பம்மாவுக்குக் கொடுத்தாள்.

சுப்பம்மா முட்டைமேல் உட்கார்ந்தவள்போலக் கொஞ்ச நேரம் நெளிந்தாள். பிறகு, இருபது வருஷமாகத் தேயிலை மலையில் கங்காணியிடம் வாங்கிக் கட்டிய ஏச்செல்லாம் அவள் தொண்டைக்கு ஏறி வந்தது.

"யூ! வொய் ஸ்லோ? கப் வொஷ்!"

ஹபீலா இல்லாத கோப்பையைக் கழுவினாள்.

"நொட் கிளீன்! அகெய்ன்!" என்றாள் ரத்தினம்மா, தன் முறை வரும்வரை பொறுக்காமல்.

"அடியே, இப்ப நான்தான் மேடம். நீ வரிசையில நில்லு!"

அன்றிலிருந்து அந்தக் கதிரைக்கு அடிபிடிதான்.

வெள்ளிக்கிழமை தியாகராஜா சேர் அரை மணித்தியாலம் பிந்தி, சேற்றுச் சப்பாத்தோடு வாசலில் வந்து நின்றார். அவரை முன்பின் பார்த்திராத சுப்பம்மா கதிரையிலிருந்து எழும்பவில்லை.

"வொய் லேட்?"

"சாரி மேடம், பஸ்..." அவர் வாயில் தானாக வந்துவிட்டது.

ஹபீலா முன்னால் ஓரடி வைத்தாள். அவர் யாரென்று சொல்ல நினைத்தாள். ஆனால் விரல்கள் வசனங்களை ஒன்று என்று எண்ணத் தொடங்கியிருந்தன.

"ஷூஸ் டேர்ட்டி! டேக் அவுட்!" மூன்று.

அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். ரத்தினம்மா விளக்குமாற்றை நீட்டினாள். "டேக் திஸ். ஸ்வீப் ஹியர். நொட் தெயர்!" ஆறு.

பாதி அறை கூட்டியான பிறகுதான் அவருக்குத் தான் எதற்கு வந்தோம் என்ற ஞாபகம் வந்தது. விளக்குமாற்றோடு நிமிர்ந்தார்.

"ஐ டோன்ட் லைக் லேஸி பீப்பிள்" என்றாள் சுப்பம்மா. "மை ஹவுஸ், மை ரூல். டுமோரோ கம் ஏர்லி!"

ஒன்பது. யா அல்லாஹ், இன்னும் ஒன்று.

மூலையிலிருந்து பாப்பம்மா, மூன்று வாரத்தில் முதல்தடவையாக வாய் திறந்தாள். "மேடம், ஹீ இஸ் டயர்ட். கிவ் டீ."

ஹபீலா வகுப்பின் வரவுப் பதிவேட்டை நீட்டினாள். தியாகராஜா சேர் அதில் 'ஆறு மாதம் தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நோ டாக்கிங்!" என்றாள் சுப்பம்மா. "டீ ட்ரிங்க். கோ."

அவர் பாப்பம்மா ஊற்றிக் கொடுத்த தேநீரை நின்றபடியே குடித்தார், சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டார், ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனார்.