கரையில் முடிச்சு

என் கைவேகம் எங்கள் தெருவுக்கே தெரியும். என் புருஷன் வேலுவின் கைவேகமும் தெரியும், அதுதான் என் தலைவிதி. எங்கள் பட்டுத்தறியில் சேலையின் உடலை நான் நெய்வேன். பக்கத்தில் உட்கார்ந்து, வேறு நிறக் கரைக்கு அவர் நூல் வைத்த நாடாவை ஓட்டிவிடவேண்டும். அவர் நாடா வந்து சேராமல் இழையை நெருக்கும் பலகையை நான் இழுத்து அடிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிச்சயதார்த்தச் சேலை ஒன்று தறியை விட்டு இறங்கியாக வேண்டும். "இல்லாங்காட்டி அடுத்த பாவு சேவூர்க்காரங்களுக்குத்தாம்மா," என்று முதலாளி முருகேசன் கறாராகச் சொல்லிவிட்டார். தறியில் ஏற்றப் பாவு நூல் வராவிட்டால் தறி சும்மா கிடக்கும், நாங்களும்தான். வெள்ளி காலையில் இன்னும் ஒரு முழத்துக்கு மேல் பாக்கி. இவரோ தலையைக் கவிழ்த்துக்கொண்டு கரையையே தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாய்யா, தூங்கிகினு கீறியா? ஜல்தியா விடு!"

"விடறேன், இரு."

"இருந்து இருந்துதான் இந்தக் கதி. எந்திரி நீ. ராதிகாவ உக்கார வெச்சிக்கிறேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

எதிர்வீட்டு ராதிகாவுக்குக் கை பறக்கும். உட்கார்ந்ததுமே நாடா சர்ரென்று வந்தது. அப்பாடா என்று ஓங்கி ஓங்கி அடித்தேன். கொஞ்ச நேரம்தான். அவள் நாடா நின்றது. ஓடியது, மறுபடி நின்றது.

"உனக்கு இன்னாடி வந்துது?"

"கரையில இழை அறுந்துபோச்சுக்கா. முடிச்சு போடறேன்."

"பட்டு சரியில்ல."

"பட்டு நல்லாத்தான் கீது. நீ பலகைய இந்த அடி அடிச்சா அது இன்னா பண்ணும்? அண்ணன் எப்டிதான் உன்கூட ஓட்டுறாரோ!"

மதியத்துக்குள் ஒரு சாண்கூட ஏறவில்லை. என்னால் ஆகாது என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

சுருட்டியிருந்த துணியைக் கொஞ்சம் அவிழ்த்து, கரையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். விரலில் முடிச்சுகள் தட்டின. பொடிப்பொடியாக, கரை நெடுக. வேலை ஓடஓட, நான் அறுத்ததை எல்லாம் அவர் முடிந்துகொண்டே வந்திருக்கிறார். தூங்குகிறாயா என்று கேட்டேனே, பாவி!

டீக்கடைக்கு ஓடினேன். "அறுக்கறது நான்தான்னு ஏன்யா சொல்லல?"

டம்ளரைக் கீழே வைத்தார். "சொன்னா, கோவத்துல இன்னும் ஓங்கி அடிப்ப."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தோம். ஓங்கி அடிக்கக் கை துறுதுறுத்தது. பொழுது இறங்க இறங்க இன்னும் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல அடித்தேன். இழை அறுபடவில்லை, அவரும் முடிச்சுப் போடக் குனியவில்லை. தெருமுனையில் முருகேசனின் பைக் சத்தம் கேட்டபோது சேலையை அறுத்து இறக்கிக்கொண்டிருந்தோம்.

"கை வலிக்குதாய்யா?" என்றேன். கல்யாணமானதிலிருந்து நான் கேட்டதே இல்லை.

"கை இல்ல," என்றார். "கழுத்துதான்."