வலப்பக்கப் பற்கள்

அந்த அக்டோபரிலிருந்து ஹல்வாரால் நேராக நடக்க முடியவில்லை. குடித்துவிட்டுத் தள்ளாடுகிற நடை அல்ல அது. நல்ல நிதானத்தோடு, எங்கே போகக் கிளம்பினாலும், மனிதர் இடப்பக்கமாக வளைந்து போய்க்கொண்டிருந்தார். கடைக்குப் புறப்பட்டவர் கல்லறைத் தோட்டத்தில் போய் நின்றார். தபால் பெட்டியைத் திறக்கப் போனவர் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டின் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் இரண்டு காதுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவைத்தார். வெளியே வந்ததும் ஹல்வார் வாசல் தூணில் முட்டிக்கொண்டார். எங்கள் ஊர் நூர்சேட்டரில் யாரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. மரம் வெட்டும் மோட்டார் ரம்பத்தின் சங்கிலியில் ஒரு பக்கத்துப் பற்களை மட்டும் கூராக்கி, மறுபக்கத்தை மழுங்க விட்டால், வெட்டு கூரான பக்கம் வளையும் என்பது எங்கள் ஊரில் நடக்கப் பழகிய எல்லோருக்கும் தெரியும். ஹல்வார் விஷயத்தில் அந்த வளைவு கட்டையோடு நிற்காமல் ஆள்மேலும் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

எல்லாம் ரம்பம் வாங்கிய நாளிலேயே ஆரம்பித்தது. ஹல்வாரின் மனைவி சிக்ருன், வீட்டு அடுப்புக்கு விறகு வெட்டத்தானே, கைக்கு அடக்கமாக ஒன்று போதும் என்றாள். தூரில் என்ற கடைக்காரியும் அதையேதான் சொன்னாள். "வீட்டு அடுப்புக்கா, இல்ல மலையையே மொட்டையடிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒரு கையால் தூக்கக்கூடிய சின்ன ரம்பத்தை மேசைமேல் வைத்தாள். ஆனால் சிக்ருனின் தம்பி அர்வித்திடம் முழங்கை நீளத்துக்கு மேல் பிளேடு வைத்த ரம்பம் ஒன்று இருந்தது. மச்சானுடையதைவிடத் தன்னுடையது ஒரு பிடியாவது நீளமாக இல்லாவிட்டால் ஹல்வாருக்குத் தூக்கம் வராது. கடையில் இருந்ததிலேயே பெரியதை வாங்கிக்கொண்டு வந்தார். வெறுமனே தூக்கிப் பிடித்தாலே தோள்பட்டை இறங்கிவிடும் கனம்.

மற்றபடி அதை அவர் பார்த்துக்கொண்ட விதத்தைக் குறை சொல்ல முடியாது. பெட்ரோலில் எண்ணெயை அளந்து கலப்பார். காற்று வடிகட்டியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். சங்கிலி தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்ப்பார். சங்கிலிகூட இரண்டு வைத்திருந்தார்: ஒன்று ரம்பத்தில், இன்னொன்று நிலவறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில். தீட்டுவதில்தான் கோளாறு. இடப்பக்கப் பற்கள் அவர் கைக்கு வாகாக இருந்தன. அரத்தை ஆசையாக இழுப்பார். வலப்பக்கத்துக்கு ரம்பத்தைத் திருப்பி வைக்க வேண்டும், அந்தக் கனத்துக்குத் தோள் வலிக்கும். அதனால் அந்தப் பக்கம் பேருக்கு ஒரு தடவு, அதோடு சரி. தனியாகக் கழற்றி வைத்த சங்கிலியைத் தீட்டும்போதும் கை அதே பழக்கத்தில்தான் போனது. அவர் அரத்தை இழுக்கும்போதெல்லாம் முற்றத்தில் கிடந்த கட்டைகள் ஒரு நூல் இடப்பக்கம் நகர்வதை சிக்ருன் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எந்தச் சங்கிலியைத் தீட்டினாலும் நகர்ந்தன. அரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தால் ஹல்வாரும் அதே அளவுக்கு வளைந்தார்.

அவரிடம் அதைச் சொல்லலாம்தான். ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் சங்கிலியை இன்னொருவர் தொடுவதில்லை. காரைக் கேட்டால் கொடுப்போம், படகைக் கேட்டால் கொடுப்போம், கட்டிய பெண்டாட்டியைப் பற்றி ஏதாவது சொன்னால்கூடச் சிரித்து மழுப்பிவிடுவோம். சங்கிலி சரியாகத் தீட்டவில்லை என்று சொல்லிவிட்டால் அதன்பிறகு அந்த வீட்டில் காப்பி கிடையாது. புருஷன் சங்கிலியைப் பெண்டாட்டி தீட்டினாள் என்பதற்காகப் பாகம் பிரிந்த குடும்பம் ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வீட்டின் நடுவில் இன்றைக்கும் பலகைச் சுவர் நிற்கிறது.

கோணலாக வெட்டிய கட்டை ஒழுங்காக அடுக்காது. ஹல்வாரின் விறகுக் குவியல் வாரத்துக்கு ஒருமுறை சரிந்தது, சரிந்த கட்டை பனியில் நனைந்தது, நனைந்த கட்டை புகைந்தது. அந்தப் புகை கூரைக்கு மேலே எழும்பி இடப்பக்கம் திரும்பி அர்வித்தின் வீட்டுக்குள் போனது. அந்த நெருப்பில் குளிர்காய்ந்தவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு சிக்ருன் அந்த அடுப்பில் வாஃபிள் அப்பம் சுட்டு ஊரையே கூப்பிட்டாள். ஜனவரியில் ஊரே இடப்பக்கம் ஒதுங்கி நடந்தது. எல்லோரும் ஒரே பக்கம் வளைந்ததால் பெரிய இடைஞ்சல் இல்லை. மனத்தாங்கலில் அந்த வீட்டுப் படி மிதிக்காத பாதிரியார் ஒருவர்தான் நேராக நடந்தார், அவரைப் பார்த்தால்தான் விசித்திரமாக இருந்தது.

சிக்ருனுக்கு இது சிரிக்கிற விஷயமாக இல்லை. ஹல்வார் அவளைத் தேடி வருவார், வந்து அடுப்புப் பக்கம் போய்ச் சேர்வார். மேசையில் எதிரே உட்கார வந்து ஜன்னலோரம் உட்கார்வார். கட்டிலில் இடப்பக்கம் படுக்கிறவர் தூக்கத்தில் இன்னும் இடப்பக்கம் சரிந்து தரையில் விழுவார். பிறகு தரையிலேயே படுக்கப் பழகிவிட்டார். அந்தக் குளிர்காலத்தில் அவர் விரல்கூட அவள்மேல் பட்டதில்லை. அவளுக்கு அது நெஞ்சை அறுத்தது. பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் கேட்டுவிட்டாள்.

"ஹல்வார், அந்த வலது பக்கத்தை நான் தீட்டித் தரட்டுமா? உனக்குத் தோளு வலிக்குதுல்ல."

"எனக்கு எங்கயும் வலிக்கல."

"எங்கிட்ட வரணும்னு கெளம்பி அடுப்புக்கிட்ட போயி நிக்கிற. இதுக்கு என்னதான் சொல்ற?"

"அடுப்புக்குத்தான் போனேன்."

"நாலு மாசமாவா?"

"சிக்ருன், சொல்லிட்டேன். அந்தச் செயினத் தொட்டீன்னா அப்புறம் நமக்குள்ள ஒண்ணுமில்ல. நீ யாரோ, நான் யாரோ."

சொல்லிவிட்டு அவருக்கே முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வீம்பு விடவில்லை. கொட்டகையில் உலர்ந்த கட்டை தீர்ந்திருந்தது. ஏரிக்கு மேலே மேட்டில் பட்டுப்போய் நின்ற பிர்ச் மரம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். ரம்பத்தை எடுத்துக்கொண்டு பனியில் இறங்கினார். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரியையும் தாண்டியிருந்தது, மூச்சு விட்டால் மீசையில் உறைந்தது.

மதியத்தில் மரம் விழுந்த சத்தம் கேட்டது. வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது ரம்பத்தின் சத்தம் வீட்டுப் பக்கம் வரத் தொடங்கியது. வந்தது, வந்தது, பிறகு வரவில்லை. கொட்டகைக்குப் பின்னால் கேட்டது, தெற்கு வேலியோரம் கேட்டது, ஏரிப் பக்கம் கேட்டது, மறுபடி கொட்டகைக்குப் பின்னால் கேட்டது. வீட்டைப் பார்த்து நடக்கிற மனிதர் முழுதாக இடப்பக்கம் திரும்பிப்போய் வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று சிக்ருனுக்குப் புரிந்தது. தான் இருக்கும் இடம் வீட்டுக்குத் தெரியட்டும் என்றுதான் ரம்பத்தை அணைக்காமல் வைத்திருக்கிறார். தொட்டியில் பெட்ரோல் இருக்கும் வரைதான் அது ஓடும்.

அவள் அர்வித்துக்குப் போன் செய்தாள். அவன் கயிற்றோடு ஓடிவந்து சத்தம் கேட்ட திசையில் பாய்ந்தான், இடப்பக்கம் வளைந்து தன் வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குள் போய் நின்றான். மறுபடி வந்தான், மறுபடி அங்கேயே போனான். பனி வண்டியோடு வந்த இருவர் வளைந்துபோய் வேலியைப் பிடுங்கிக்கொண்டு பள்ளத்தில் கவிழ்ந்தார்கள். கிறிஸ்துமஸ் வாஃபிள் தின்ற ஒருவராலும் ஹல்வாரை நெருங்க முடியவில்லை. பாதிரியார் அன்றைக்கென்று வெளியூர் போயிருந்தார். நகரத்திலிருந்து மீட்பு வண்டி புறப்பட்டுவிட்டது என்றார்கள். மலைப்பாதையில் அது வந்து சேர்வதற்குள் ஒரு மனிதன் உறைந்து கட்டையாகிவிடலாம்.

"அக்கா, செயின் இன்னொண்ணு இருக்குல்ல?" என்றான் அர்வித், மாட்டுச் சாணம் ஒட்டிய பூட்ஸோடு வாசலில் நின்றபடி. சொல்லிவிட்டு நிலவறைக் கதவுப் பக்கம் பார்த்தான்.

"இருக்கு."

"அவன் உன்ன மன்னிக்கவே மாட்டான்."

"உசுரோட வந்து மன்னிக்காம இருக்கட்டும்" என்றாள் சிக்ருன்.

ஆணியிலிருந்த சங்கிலியை எடுத்துச் சமையலறை மேசையின் இரும்புப் பிடியில் இறுக்கினாள். உருண்டை அரத்தை எடுத்து முதல் வலப்பக்கப் பல்லில் வைத்து, உள்ளிருந்து வெளியே ஒரே சாய்வில் இழுத்தாள். வெளியே சத்தம் தடுமாறியது, பிறகு ஒரு சுற்று சின்னதாகச் சுற்றியது. அடுத்த பல், அடுத்த பல். கொட்டகைக்குப் பின்னால் கேட்ட சத்தம் கொட்டகைக்கு முன்னால் கேட்டது. அரம் வழுக்கி விரலைக் கிழித்தது. துடைக்க நேரமில்லாமல் இழுத்தாள். கூடுதலாக இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். வாசலுக்கு வலப்பக்கம் ஏரி. ஓடை வந்து விழும் இடத்தில் பனிக்கட்டி காகிதம் மாதிரி இருக்கும். குறைத்து இழுத்தால் வீட்டைத் தாண்டிப் போவார், கூட்டி இழுத்தால் தண்ணீருக்குள் போவார். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் அரத்தைத் தூக்கிப் பிடித்துக் காது கொடுத்தாள். தெற்கு வேலி. கிணற்றடி. முற்றம். அர்வித் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான், உள்ளே குளிர் கொட்டியது.

அப்போது ரம்பம் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

பெட்ரோல் தீர்ந்துவிட்டது. இனி அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்க வழியில்லை. சங்கிலியில் இன்னும் கொஞ்சம் பற்கள் பாக்கி இருந்தன. சிக்ருன் இடப்பக்கப் பல் ஒன்றைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள், வலப்பக்கப் பல்லைத் தடவிப் பார்த்தாள், இழுத்தாள். தடவினாள், இழுத்தாள். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இழுத்தாள். கடைசிப் பல்லும் சரியாகிவிட்டது என்று விரல் சொன்னது. ஆனால் வெளியே சத்தமே இல்லை. பயம் தாளாமல், அதே பல்லில் இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டாள். இழுத்த கணமே, ஐயோ கூடிப்போய்விட்டதே என்று அரத்தைக் கீழே போட்டாள்.

வாசற்படியின் வலது ஓரத்தில் ஒரு பூட்ஸ் இடித்தது. ஹல்வார் கதவு நிலையில் வலது தோளை உரசிக்கொண்டு உள்ளே வந்தார். புருவம் வரை வெள்ளையாக இருந்தார். பேச உதடு கூடவில்லை. அர்வித் அவர் கையிலிருந்து ரம்பத்தை வாங்க வேண்டியிருந்தது, விரல்கள் அதைவிட்டுப் பிரியவில்லை. ஹல்வார் மேசையைப் பார்த்தார். பிடியில் இறுகியிருந்த தன் சங்கிலியைப் பார்த்தார், இரும்புத் தூளைப் பார்த்தார், அவள் விரலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். அர்வித் மெல்ல வெளியே நழுவிவிட்டான். அவர் வாய் திறக்கட்டும் என்று சிக்ருன் காத்திருந்தாள். பலகைச் சுவரை வீட்டின் எந்த இடத்தில் எழுப்புவது என்றுகூட யோசித்துவிட்டதாகப் பிற்பாடு சொன்னாள். ஹல்வார் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு, சங்கிலியின் கடைசிப் பல்லைத் தடவினார்.

"வலப்பக்கம் ஒரு இழுப்பு கூடிப்போச்சு" என்றார்.

"தெரியும்."

"சரி, இருக்கட்டும்" என்றார். அவளிடம் வரத்தான் கிளம்பினார். அவளிடமே வந்து சேர்ந்தார்.

மார்ச் முடிவதற்குள் ஊர் முழுவதும் நிமிர்ந்துவிட்டது, புகையும் நேராகப் போனது. ஈஸ்டருக்குப் பிறகு ஹல்வார் பெரிய ரம்பத்தை அர்வித்திடம் தள்ளிவிட்டு, தூரிலின் கடையில் சின்னதை வாங்கிக்கொண்டார். அதன் சங்கிலியை இடப்பக்கம் அவரும் வலப்பக்கம் சிக்ருனும் தீட்டுகிறார்கள். ஊரில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த ஒரு இழுப்பு மட்டும் அவர்மேல் அப்படியே தங்கிவிட்டது. இப்போதும் ஹல்வார் கொஞ்சம் வலப்பக்கமாகத்தான் நடக்கிறார், அதற்காகத் தபால் பெட்டியை இரண்டடி தள்ளி நட்டிருக்கிறார்கள். கட்டிலில் இடப்பக்கம் படுப்பவர் விடிவதற்குள் சிக்ருனின் பக்கம் சரிந்து, பாதி உடம்பை அவள்மேல் போட்டுக்கொண்டு குறட்டை விடுகிறார். அந்தப் பழைய சங்கிலி இன்னும் நிலவறைக் கதவுக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. இடப்பக்கப் பல் ஒன்றில் அரத்தை ஒருமுறை இழுத்தால் சரியாகிவிடும் என்று அர்வித் போன வாரம்கூட அக்காவிடம் சொல்லிப் பார்த்தான். அரம் எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை என்றாள் சிக்ருன்.