இந்தியாவைத் தாண்டிய சர்வர்

தங்கச்சிமடத்து வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் ஹெலன், கிளவுடில் கிடந்த ஒரு சர்வரின் முழு நகலை, அதாவது இமேஜை, இறக்குமதி செய்யக் கமாண்ட் அடித்தாள். அது இருக்கும் ஊர் மும்பை என்று கொடுக்கவேண்டிய இடத்தில் ஞாபகப் பிசகாகச் சிங்கப்பூர் என்று அடித்துவிட்டாள். திரையில் சிவப்பாகப் பிழை வந்தது. மேனேஜருக்குப் போன் போட்டாள்.

“சார், என் தப்புதான். இந்தியாவத் தாண்டிப் போயிருச்சு. அங்கன மாட்டிக்கிட்டு நிக்குது.”

மீன் அலசிக்கொண்டிருந்த அவள் அம்மா மிக்கேலம்மாள் காதில் இது விழுந்தது. புருஷன் வில்பிரட் நேற்றுக் காலை கடலுக்குப் போனவர், இன்னும் வரவில்லை.

“ஐயோ, எங்க போட்டை இலங்கை நேவிக்காரய்ங்க புடிச்சிட்டாய்ங்களே!” என்று அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

ஹெலன் போனை வைப்பதற்குள் அரைத் தெரு கூடிவிட்டது. பங்குச் சாமியாரைக் கூட்டிவர ஆள் போயிற்று. மீனவர் சங்கத் தலைவர் கலெக்டருக்கு மனு எழுதத் தொடங்கிவிட்டார்.

“அம்மா, மாட்டுனது போட்டு இல்ல, கம்ப்யூட்டரு!” என்று ஹெலன் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

அந்நேரம் கூடையும் கையுமாக வந்த வில்பிரட், கூட்டத்தைப் பார்த்துப் பதறிப்போனார்.

“ஏலே, யாரப் புடிச்சாய்ங்க?”

“ஒன்னையத்தான்யா!” என்றார் தலைவர், மனுவிலிருந்து தலை நிமிராமல்.

மிக்கேலம்மாள் அழுதுகொண்டே புருஷன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஹெலன் உள்ளே போய், மும்பை என்று நிதானமாக அடித்து எண்டரைத் தட்டினாள்.