உதடு பார்த்துச் சொன்னது

"மெஷினக் கழத்தி அக்காகிட்டக் குடுலே. நனைஞ்சா போச்சு" என்று ரத்தினம் அத்தை தன் காதைத் தொட்டுச் சைகை காட்டினாள்.

மாரிசாமி நெஞ்சில் தொங்கிய துணிப்பைக்குள் கைவிட்டுக் காது மெஷினை எடுத்தான். சிகரெட் பெட்டி அளவுதான் இருக்கும். ஒயர் நுனியைக் காதிலிருந்து பிடுங்கியதும் அது 'கீ'யென்று கத்தியது. அக்கா முத்துப்பேச்சி வாங்கிச் சுவிட்சை அணைத்தாள். பையையும் அவிழ்த்துக் கொடுத்தான். அம்மா தன் பழைய சேலையைக் கிழித்துத் தைத்த பை.

அவனுக்குப் பன்னிரண்டு வயது, ஒரே மகன். இறந்துபோன அம்மாவைக் குளிப்பாட்ட அவன்தான் நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வரவேண்டும். நாலு பேர் வேட்டியை விரித்துத் தலைக்கு மேலே பிடிக்க, குடத்தோடு தெருமுனைக் குழாய்க்குப் போனான். சங்குக்காரர் அவன் காதோரமாகவே ஊதினார். அவன் திரும்பவில்லை.

"வாத்தியாரு வந்துட்டாரு மாப்ளே" என்றார் ஆண்டிச்சாமி மாமா. அம்மாவின் அண்ணன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "இவன் பேசுறது அவருக்குப் புரியும்லா? சுடுகாட்டுல வச்சுக் கேட்டுருவோம். எந்தங்கச்சி என்ன சொன்னா, இந்தக் கழுத முத்துப்பேச்சி என்ன சொன்னான்னு தெரிஞ்சு போகும்."

முத்துப்பேச்சி மெஷினைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த பொன்னுராஜ் சார், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். அவருடைய பள்ளிக்கூடத்தில்தான் மாரிசாமி மற்ற பிள்ளைகளோடு ஆறாவது படித்தான். அவனைப் போல அங்கே அஞ்சு பேர். சார் அவர்களைத் தினமும் ஒரு மணி நேரம் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழக்கினார். ராஜபாளையத்திலிருந்து அம்மா அவனை பஸ்ஸில் கூட்டிப்போய், சாயங்காலம் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து கூட்டி வருவாள்.

பொறவு அம்மாவுக்குத் தொண்டையில் புற்று. மதுரையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்தார்கள். சத்தம் போய்விட்டது, உதடு மட்டும் அசையும். வீட்டில் யாருக்கும் விளங்காததை மாரிசாமி பார்த்த மாத்திரத்தில் சொன்னான். அவன் சொல்வது வீட்டில் முத்துப்பேச்சிக்கு மட்டும்தான் விளங்கும். ரெண்டு மாதமாக அம்மாவின் பேச்சு தம்பியிடம் போய், அவனிடமிருந்து அவளிடம் வந்து, அப்புறம்தான் வீட்டுக்குக் கேட்டது.

நேற்றுச் சாயங்காலம் கட்டிலைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். டாக்டர், வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி நாலு நாள் ஆகியிருந்தது.

"இனிமே எவ மாப்ளே தினமும் இவங்கூடப் போயி உக்காந்திருப்பா?" என்றார் மாமா. "எங்கூட சத்திரப்பட்டிக்கு விடும். பேண்டேஜ் துணி நெய்யுத தறியில சேத்து விடுதேன். அந்தச் சத்தத்துல அங்க அம்புட்டுப் பயலும் செவிடந்தான். இவனுக்கு ஒரு கொறையும் தெரியாது."

யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் தலையாட்டினார்.

அப்போதுதான் அம்மாவின் உதடு அசைந்தது. மாரிசாமி குனிந்து பார்த்துவிட்டு அக்காவிடம் நிமிர்ந்தான்.

"அன்னி."

"என்னட்டி சொல்லுதா உங்கம்மா?" என்றார் அப்பா.

அம்மா தண்ணி கேட்டாள். அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தாள் முத்துப்பேச்சி.

"தம்பி படிப்ப நிறுத்தக் கூடாதாம்ப்பா. பள்ளிக்கூடத்துக்கே அனுப்பணுமாம்."

அம்மா அவளைப் பார்த்தாள். மாரிசாமியும் அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்தார். "அனுப்புதேன், கருத்தம்மா. அனுப்புதேன்."

இதை மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் முத்துப்பேச்சி நினைத்தாள். அடுக்களையிலிருந்து சொம்போடு திரும்புவதற்குள் அத்தை மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

இப்போது நீர்மாலை வந்துவிட்டது. பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். மாரிசாமி குடத்தைச் சரித்து ஒரு கை தண்ணீர் பிடித்து, அம்மாவின் வாயருகே கொண்டுபோனான். தண்ணீர் உதட்டில் பட்டுக் கன்னம் வழியாக ஓடியது.

"ஏலே, தலையில ஊத்துலே!" என்று மாமா கத்தினார். அவன் மறுபடியும் ஒரு கை பிடித்தான். "சொல்லுங்கட்டி அவனுக்கு!"

முத்துப்பேச்சி அசையவில்லை. மெஷின் அவள் கையில் இருந்தது. அத்தை அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தலைப்பக்கம் நகர்த்தினாள்.

ஆண்கள் போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். அத்தை காப்பி கொண்டுவந்தாள். "நேத்துலேர்ந்து பச்சத்தண்ணிகூடப் பல்லுல படலயேட்டி. ஒரு மொடக்கு குடி."

"பொறவு குடிக்கேன் அத்தை."

சுடுகாட்டில் இந்நேரம் கேட்டிருப்பார்கள். சார் குனிந்து, உதட்டை நன்றாக அசைத்து, 'அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?' என்று கேட்பார். தம்பிக்குப் பொய் சொல்லத் தெரியாது. உண்மை தெரிந்தால் மாமா விட மாட்டார். நாளைக்கே தறிக்குக் கூட்டிப்போவார். அப்பா வேறு ஒன்று கேட்பார், கேட்ட தண்ணியை ஏன் கொடுக்கவில்லை என்று. அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

பின்கட்டில் நெல் மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, மெஷின் சுவிட்சைப் போட்டாள். ஒயர் நுனி மடியில் கிடந்தது. மெஷினை வாய்ப்பக்கம் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா தண்ணிதான் கேட்டா" என்றாள். "எனக்குத் தெரியும்லே. தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன். செத்த நேரம்தான்னு நெனச்சேன். அவ போயிருவான்னு நெனக்கல. நீ சொல்லிறாத. சொன்னாலும் சொல்லு. எனக்குப் பயமா இருக்கு."

மடியில் அவள் குரலே கொசுவைப் போலச் சின்னதாகக் கேட்டது. அணைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு ஆண்கள் ஈரத் துணியோடு திரும்பினார்கள். மாமா முற்றத்தில் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாத்தியாரு கேட்டாரு" என்றார் அத்தையிடம். "ஒரு தடவைக்கு மூணு தடவ."

முத்துப்பேச்சி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு தடவையும் பள்ளிக்கூடம்னுதான் சொன்னான்" என்றார் பொன்னுராஜ் சார். "அவனுக்கு அந்த 'ள்' வரவே வராது. ஒரு வருஷமாப் போராடுதேன். இன்னைக்கு வந்துருச்சு."

"எங்கூடப் பொறந்தவ வாக்கு. நான் குறுக்க நிக்கல" என்று மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நான் காலைல பஸ் ஏத்தி விட்டுருதேன் சார்" என்றார் அப்பா. "அங்க நீங்க எறக்கிக்கிடுங்க."

மொட்டைத் தலையோடு மாரிசாமி வாசலில் நின்றான். முத்துப்பேச்சி போய்ப் பையை அவன் கழுத்தில் மாட்டி, மெஷினைப் போட்டு, ஒயர் நுனியைக் காதில் செருகினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"அன்னி."

"என்னட்டி கேக்கான்?" என்றாள் அத்தை.

"தண்ணி" என்றாள் முத்துப்பேச்சி.

சொம்பு நிறைய மொண்டு வந்தாள். அவன் அண்ணாந்து குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நின்றாள். பாதியில் நிறுத்திப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மீதியை அவளிடம் நீட்டினான்.